உதைக்கிற துவக்கும் கலகெதர ஹாஜியாரும்

அனுமதிப்பத்திரம் பெற்ற துவக்கொன்றின் நீளத்தையோ எடையையோ எழுத்து மூலமான முன்னனுமதி இன்றி மாற்றலாகாது. அனுமதி கோரும் விண்ணப்பங்களுக்குத் தாமதமின்றிப் பதில் அனுப்பப்படும். எங்கள் அலுவலகத்தில் இருந்த விதி இது. இதன் முதற் பாதியை யாரும் மீறி நான் பார்த்ததில்லை. இரண்டாம் பாதியை யாரும் நிறைவேற்றியும் பார்த்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் கண்டியில் துப்பாக்கிகளுக்கான, எங்கள் பேச்சில் துவக்குகளுக்கான, அனுமதிகளைக் கவனிக்கும் மேசையில் இருந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. அதன் ஓய்வூதியத்தில்தான் இன்னும் சாப்பிடுகிறேன்.

கலகெதரையில் புடைவைக் கடை வைத்திருந்த ஹாஜியார் ஒருவர், சீமைக்குத் திரும்பிப் போன தோட்டத் துரை ஒருவரிடம் துவக்கு வாங்கினார். யானைக்கென்று செய்யப்பட்ட துவக்கு. ஹாஜியாரின் காணியில் யானை கிடையாது, காட்டுப்பன்றிதான் உண்டு. ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தி, புடைவை வாங்க ஆளில்லாமல் போன வருடம் அது. கடைக்குப் பின்னால் சரிவில் நட்டிருந்த மரவள்ளியை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. பன்றிகளும் அதையே நம்பியிருந்தன.

முதல் வெடியில் பன்றிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹாஜியார் மல்லாந்து விழுந்தார். வலத்தோள் கத்தரிக்காய் நிறமாயிற்று. சில நாட்கள் இடக்கையால் துணி அளந்தார். அளவு குறைகிறது என்று, வந்த ஒன்றிரண்டு வாடிக்கைக்காரரும் முறையிட்டார்கள். அதைவிட மோசமானது பிறகு தெரியவந்தது. விசையில் விரல் வைத்ததுமே அவருடைய கண்கள் தாமாக மூடிக்கொண்டன, தலை மறுபக்கம் திரும்பிக்கொண்டது. அப்படி வைத்த வெடிகளில் ஒரு பலாமரமும் அயலவரின் வேலியும் சேதமடைந்தன. பன்றிகள் வெடிச்சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தொடர்ந்து தின்னப் பழகிவிட்டன.

ஹாஜியார் என் மேசைக்கு வந்து, கதிரையில் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தார்.

"தோள்ல வைக்கிற துவக்குக் கட்டையில ஒரு ரப்பர் துண்டு ஒட்டோணும் ஐயா. அவ்வளவுதான்."

"ஒட்டினால் நீளம் கூடும். அனுமதி வேணும்."

"அப்ப கட்டையத் தோண்டி உள்ளுக்கு ஈயம் ஊத்துறன். பாரம் கூடினா ஒதை கொறையுமாம்."

"எடை மாறும். அதுக்கும் அனுமதி வேணும்."

"தோட்டாவுல வெடிமருந்தக் கொறச்சா?"

"அது பக்கத்து அறை."

எட்டிப் பார்த்தார். பக்கத்து அறையில் யாரும் இல்லை. "சரி, எழுதுங்கொ" என்றார்.

எந்த மிருகத்தைச் சுடுவதற்கு என்று கேட்டேன். அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லமாட்டார். "அந்தச் சாமான்" என்றார். எழுதியதை நான் வாசித்துக் காட்டத் தொடங்கியதும் கையை உயர்த்தினார். "அந்த எடத்த மட்டும் மனசுக்குள்ள வாசிங்கொ."

மேலிடம் விளக்கம் கேட்டது. துவக்கின் உதையால் தோள் பாதிக்கப்பட்டதற்கு மருத்துவச் சான்று வேண்டும். உடற்குறை உள்ளவரின் அனுமதிப்பத்திரம் ரத்துச் செய்யப்படும் என்பதையும் அதே கடிதத்தின் அடுத்த பந்தியில் நினைவூட்டியிருந்தார்கள். ஆகவே துவக்கு தம்மை அடித்தது என்றும், அதனால் தமக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் ஹாஜியார் ஒரே சான்றிதழில் நிரூபிக்க வேண்டியிருந்தது. ஊர் டிஸ்பென்சரி மருத்துவர் அனுபவசாலி. "வலி உண்டு, பாதிப்பு இல்லை" என்று எழுதிக் கொடுத்தார். அனுப்பினோம். பிறகு மேலிடம் மௌனமாகிவிட்டது.

மரவள்ளியில் பாதி போய்விட்டது என்று ஹாஜியார் சொல்லியனுப்ப, ஒரு ஞாயிறு பின்னேரம் பஸ் ஏறிப் போனேன். பக்கத்து ரப்பர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையும் அங்கே இருந்தார். கத்தோலிக்கர். ஹாஜியாரை 'நானா', அதாவது அண்ணன், என்றே அழைப்பார். ஹாஜியார் சுட்டதை ஹாஜியார் தொடமாட்டார், கணக்கப்பிள்ளை எடுத்துக்கொள்ளலாம் என்பது இருவருக்கும் உள்ள ஏற்பாடு. அதில் அவருக்கு இதுவரை ஒரு காது கூடக் கிடைக்கவில்லை.

"வாங்க ஐயா. இந்த நத்தார்ப் பண்டிகைக்கும் எங்க வீட்டுல பலாக்காய்தான் போல. நானா பலாமரத்தத்தானே சுடுறாரு."

"ஒதை வாங்குறது ஆரு? நீங்களா?" என்றார் ஹாஜியார்.

துவக்குச் செய்த கம்பனியின் சிறுநூல் ஒன்று எங்கள் கோப்பில் இருந்தது. அதை நான் வாசித்திருந்தேன். "பயத்தில கட்டையைத் தோளுக்குத் தள்ளிப் பிடிக்கிறீங்கள். இடைவெளி விட்டால் அது ஓடிவந்து இடிக்கும். தோளோட இறுக்கிப் பிடியுங்கோ. முன்னால சாய்ஞ்சு நில்லுங்கோ."

"ஐயா எப்பவாவது வெடி வச்சீக்கிறீங்களா?"

"இல்லை."

"இவ்வளவு தெளிவாச் சொல்றீங்களே, அதான் கேட்டன்."

கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. "துவக்குக்குச் சட்டம் ஈக்கிது, சரி. இந்த மனுசன்ட தோளுக்கும் சட்டம் ஈக்கிதா எண்டு கேளுங்கொ."

எனக்குத் தெரிந்த விதிகளையெல்லாம் மனதில் புரட்டிப் பார்த்தேன். தடிப்பாக்கக் கூடாதது துவக்கு மட்டுமே. உரிமையாளரை எவ்வளவு தடிப்பாக்கினாலும் அலுவலகத்துக்கு ஆட்சேபம் இல்லை. அப்படியே சொன்னேன்.

கணக்கப்பிள்ளை ரப்பர் ஷீட் கொண்டுவந்தார். அப்போது அதை யாரும் வாங்குவதில்லை. ஹாஜியாரின் கல்யாணக் கோட்டுக்குள், வலத்தோளில், அந்த ரப்பரையும் அதன்மேல் இலவம்பஞ்சையும் வைத்து அவருடைய மனைவி தைத்துக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு நான் போனபோது, தலையணை ஒன்றைத் தோளில் சுமந்தவர் போல ஹாஜியார் பலாமரத்தடியில் நின்றிருந்தார்.

வெயில் இறங்கியதும் பன்றிகள் வந்தன. கணக்கப்பிள்ளையும் நானும் அவற்றைப் பார்க்கவில்லை, ஹாஜியாரின் கண்களைப் பார்த்தோம். கட்டையை இறுக்கினார், முன்னால் சாய்ந்தார். வெடித்தது. கோட்டில் ஒரு தையல் விட்டது. ஓரடி பின்னுக்குப் போனார், விழவில்லை. கண்கள் திறந்தே இருந்தன.

"விழுந்திச்சி. நான் பார்த்தன்."

"நாங்களும் பார்த்தோம் நானா."

"இல்ல. நான் பார்த்தன்."

கணக்கப்பிள்ளை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சரிவில் ஓடினார். ஹாஜியார் அந்தப் பக்கம் திரும்பாமல், மஃரிப் தொழுகைக்குக் கைகால் கழுவப் போனார்.

அந்த மாதம் இன்னும் சில விழுந்தன. எஞ்சிய பன்றிகள் அடுத்த மலைக்குப் போய்விட்டன. மீதிப் பாதி மரவள்ளி அந்த வீட்டைக் கொண்டு நடத்தியது. அடுத்த நடுகையில் ஒரு கிழங்கும் சேதமாகவில்லை.

அதன் பிறகுதான் மேலிடத்தின் பதில் வந்தது. பயிர்ச்சேதம் இன்னும் தொடர்கிறது என்று நிரூபித்தால் ரப்பர் துண்டு ஒட்ட அனுமதி வழங்கலாம் என்று எழுதியிருந்தார்கள். கலகெதரைக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன்.

"அப்ப அதுகளத் திரும்பி வரச் சொல்லட்டா?" என்றார் ஹாஜியார்.

அதற்கு விதி எதுவும் இல்லை என்றேன். கடிதத்தைக் கோப்பில் சேர்த்து, பதில் கிடைத்த நாளை ஓரத்தில் குறித்தேன்: இரண்டாம் வருடத்து மரவள்ளியும் பிடுங்கி முடிந்த பிறகு, பெரிய வெள்ளிக்கு முந்திய வியாழக்கிழமை.