உட்கார்ந்து சிரித்தவர்

கூடலூர் பேருந்தில், பெண்கள் இருக்கையில் அந்த அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். ஐம்பது வயதிருக்கும். முழங்கையெல்லாம் காயம் ஆறிய தழும்புகள்.

"ஏனுங்க, நான் சட்டுனு தூங்கிப் போவனுங்க. நடுவட்டம் வந்தா எழுப்பி உடறீங்களா?" என்றார். நான் தலையாட்டுவதற்குள் தூங்கியும்விட்டார்.

பைக்காரா தாண்டியதும் தானாகவே விழித்தார். "ராத்திரி சரியாத் தூங்கலையா?" என்று கேட்டேன்.

"எத்தனை தூங்குனாலும் இப்படித்தானுங்க. கொழுந்து பறிக்கறப்பவே கண்ணு சொக்கீரும். சோம்பேறின்னு மேஸ்திரியும் வைவாரு, ஊட்டுலயும் வைவாங்க. கோயமுத்தூர் டாக்டருதான் கண்டுபிடிச்சாரு. ஆளை முழிப்பா வெச்சிருக்க மூளையில ஒண்ணு சுரக்குமாமா. எனக்கு அது வத்திப் போச்சாமுங்க."

குற்றத்திலிருந்து விடுதலையானவர் போல அதைச் சொன்னார்.

"இந்தத் தழும்பெல்லாம்?"

"அதுவும் அதே சீக்குத்தானுங்க. சிரிச்சாப் போதும், கை கால் தொவண்டு உழுந்துருவேன். அதனால வேலைக்காட்டுல யாரு என்ன சொன்னாலும் சிரிக்கறதில்லீங்க."

அப்போது முன்னால் ஒருவரிடம் கேரட் மூட்டைக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னார் நடத்துனர். "அதுக்கு இன்னும் அஞ்சு வயசு ஆகலீங்களே" என்றார் மூட்டைக்காரர். பேருந்தே சிரித்தது. அந்த அம்மாவும் வாய்விட்டுச் சிரித்தார். உடனே அவர் தலை துவண்டு என் தோளில் சரிந்தது. பதறிப்போய் அணைத்துப் பிடித்துக்கொண்டேன். கண்கள் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தன.

சற்றுப் பொறுத்து நிமிர்ந்தார். "பயந்துட்டீங்களா? உக்காந்திருந்தா தைரியமாச் சிரிச்சுக்கலாமுங்க."

நடுவட்டத்தில் இறங்கிப் போனார். நின்றுகொண்டு சிரிப்பதை ஒரு பாக்கியமாக நான் அதுவரை நினைத்ததே இல்லை.