தலைமையாசிரியரைக் காணவில்லை

மூக்கு டீச்சருக்கு அந்தப் பெயர் தன் மூக்கால் வந்ததல்ல, பிள்ளைகளின் மூக்கால் வந்தது. பிரெஞ்சில் பாதிச் சொற்களை மூக்கு வழியாகத்தான் வெளியே அனுப்ப வேண்டும் என்பது அவர் கட்சி. அதனால் ஆண்டின் முதல் வாரம் முழுக்க ஒன்பதாம் வகுப்பு மூக்கைப் பிடிப்பதும் விடுவதுமாக இருக்கும். வராந்தாவில் போகிறவர்கள் ஏதோ தொற்று என்று நினைத்து எதிர்ச்சுவரை ஒட்டி நடப்பார்கள்.

மாடிப்படியை ஒட்டிய அறை அவருடையது. ஆறு பெஞ்சு, ஒரு ஜன்னல், நினைத்தால் சுற்றும் மின்விசிறி. அறையில் சீட்டு ஒட்டாத பொருள் கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் ஆணியைக்கூட ஆணா பெண்ணா என்று விசாரிக்காமல் விடமாட்டார்களாம். ஆணுக்கு நீலச் சீட்டு, பெண்ணுக்கு ரோஸ் சீட்டு. சுவர் ஆண், கதவு பெண், கரும்பலகை ஆண், நாற்காலி பெண். எந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாலும் பின்பக்கத்தில் ஒரு ரோஸ் சீட்டு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

பழக்கம் பள்ளியோடு நிற்கவில்லை. வீட்டில் துடைப்பத்துக்கு நீலச் சீட்டு ஒட்டினார். “ஆண்பால் பொருளுங்க. நான் என்ன பண்றது?” என்று கணவர் கையில் கொடுத்தார். லிஃப்ட் மெக்கானிக்கான அந்த மனிதர் திருமணமான இரண்டாம் மாதத்திலிருந்து பெருக்கிக்கொண்டிருக்கிறார். இஸ்திரிப் பெட்டியும் ஆண் என்று தெரிந்த அன்றுதான் அவருக்குச் சந்தேகம் தட்டியது. தனக்குச் சாதகமாக அந்த மொழியில் ஒரு பொருளாவது இருக்கிறதா என்று வீடு முழுக்கத் தேடினார். சோபா கிடைத்தது. நீலச் சீட்டு. அன்றிலிருந்து மாலை ஆறு மணிக்கு மேல் அவரைச் சோபாவிலிருந்து யாரும் எழுப்பமுடிந்ததில்லை. இலக்கணம் இரு பக்கமும் வெட்டும்.

இப்படிப் பதினெட்டு வருடம் ஓடிய வண்டிக்கு இந்த வருடம் அச்சு முறியப் பார்த்தது. புதிதாகச் சேர்கிறவர்கள் பன்னிரண்டு பேராவது இல்லாத பாடத்துக்குப் பூட்டு என்று கல்வி இலாகாவிலிருந்து ஒரு தாள் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் பிரெஞ்சுக்குப் பெயர் கொடுத்தவர்கள் பதினொருவர். பன்னிரண்டாவதாக இருந்த பையனின் அப்பாவுக்கு மாற்றல் வந்து குடும்பமே கிளம்பிவிட்டது. பாடம் போனால் டீச்சர் கிடங்குப் பொறுப்பாளர். சாக்பீஸ் பெட்டிகளோடு பிரெஞ்சு பேசலாம், அவையும் திருப்பிப் பேசாது. விளையாட்டு வாத்தியாரோ அதற்குள் அளவு நாடாவோடு வந்து, பாடம் நடக்கும்போதே அறையை அளந்துவிட்டுப் போனார். உயரம் தாண்டும் மெத்தைகளைப் போட இடம் வேண்டுமாம்.

இங்கேதான் ஏழாம் பாடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஏழாம் பாடம் என்பது உடல் உறுப்புகளும் அவற்றை வருணிக்கும் சொற்களும். மற்ற டீச்சர்கள் படம் வரைந்து கோடு இழுப்பார்கள். மூக்கு டீச்சர் ‘காணவில்லை’ அறிவிப்பு எழுதச் சொல்வார். பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் காணாமல்போய்விட்டார், பெயர் சொல்லாமல் அடையாளம் மட்டும் எழுத வேண்டும், மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். நன்றாக எழுதியது வெளியே அறிவிப்புப் பலகைக்குப் போகும். அந்தக் கட்டடத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவரிடம் படித்தவர்களைத் தவிர ஒருவருமில்லை என்பது டீச்சரின் பதினெட்டு வருடத் தைரியம். நூலகர் மூன்று முறை காணாமல்போயிருக்கிறார். அவருக்கே தெரியாது.

போன வருடம் சுண்டெலி என்று கூப்பிடப்படும் மாணவி எழுதினாள். “காணவில்லை. வயது ஐம்பத்தைந்து. வட்டமானவர். தலையில் முடி இரண்டு, அவையும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. பழுப்புக் கால்சட்டையோடு பிறந்தார். கடைசியாகக் கேன்டீன் பக்கம் பார்த்தது. கண்டெடுத்தவர்கள் தாங்களே வைத்துக்கொள்ளலாம்.” பக்கத்தில் படமும் போட்டிருந்தாள். அதுதான் வினை. எழுத்தைப் படிக்கத் தெரியாத தலைமையாசிரியருக்குத் தன் முகத்தைப் படிக்கத் தெரிந்தது.

பலகை முன்னால் நின்று என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். டீச்சர், அயராத உழைப்பு, பரந்த உள்ளம், மாணவர்களின் வழிகாட்டி என்று ஒரு பாராட்டுப் பத்திரத்தையே வாசித்துவிட்டார். தலைமையாசிரியருக்குக் கண் கலங்கியது. லேமினேட் செய்து தன் நாற்காலிக்கு நேர் மேலே மாட்டிக்கொண்டார். பெற்றோர் வந்தால், “பசங்க பிரெஞ்சுல எழுதினது,” என்று அடக்கமாகச் சொல்வார்.

இந்த வருடம் பன்னிரண்டு பேர் இருக்கிறார்களா என்று எண்ண இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வயதான பெண்மணி, பெரிய கைப்பை. தலைமையாசிரியர் அறையில் டீச்சரும் பதிவேட்டோடு நின்றிருந்தார். அதிகாரி நிமிர்ந்து சுவரில் மாட்டியிருந்த அந்தத் தாளைப் பார்த்தார். உதடு அசைந்தது. மூக்கு வழியாக வரவேண்டிய இடங்களில் சரியாக மூக்கு வழியாக வந்தது. அடுத்த நிமிடம் அதிகாரி கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி கடைசி வரியைப் படித்துவிட்டு மறுபடி குலுங்கினார்.

“என்னைப் பத்திதான் மேடம். படிக்கிறவங்க எல்லாரும் கண் கலங்கிடுவாங்க போல,” என்றார் தலைமையாசிரியர்.

அதிகாரி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தரையைப் பார்த்தார்.

“மொழிபெயர்ப்புல கேட்டிருப்பீங்க சார். மூலத்துல படிக்கிற சுகமே வேற,” என்றார் அதிகாரி.

அந்த வார்த்தை தலைமையாசிரியர் தலைக்கு ஏறிவிட்டது. தன் புகழைத் தானே படிக்க முடியாத மனிதன் என்ன மனிதன்? பதினொன்றுதான் இருக்கிறது என்று டீச்சர் ஈனசுரத்தில் ஒப்புக்கொண்டபோது, அவர் பேனாவை எடுத்துப் பதிவேட்டில் பன்னிரண்டாவது வரியில் தன் பெயரை எழுதினார்.

அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “படிவத்துல வயசு கேக்கல,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். விளையாட்டு வாத்தியார் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டார்.

பாடம் பிழைத்தது. டீச்சர் பிழைத்தாரா என்பதுதான் கேள்வி. முதல் பெஞ்சில் தலைமையாசிரியர் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், வீட்டுப்பாடத்தை எல்லோருக்கும் முன்னால் கொடுக்கிறார். சுவரில் இருக்கும் தாளைப் படிக்க வேண்டிய வருணிக்கும் சொற்களோ ஏழாம் பாடத்தில். பத்தாம் வகுப்புக்குப் போய்விட்ட சுண்டெலி இடைவேளையில் கீழே வந்து புதுப் பிள்ளைகளைக் கூட்டி, “ஏழாம் பாடம் வந்துச்சு, டீச்சரும் காலி, நானும் காலி,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குமேல் அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஆறாம் பாடம் மணி பார்ப்பது. முடிந்ததும் ஒருத்தி எழுந்து, கால் மணி புரியவில்லை என்பாள். அது புரிந்தால் இன்னொருவனுக்கு முக்கால் மணி புரியாது. நவம்பருக்குள் ஆறாம் பாடம் நான்கு முறை நடந்துவிட்டது. தலைமையாசிரியர் காவலாளியிடம்கூட பிரெஞ்சில் மணி சொல்ல ஆரம்பித்தார். வகுப்பு ஏன் நகரமாட்டேன் என்கிறது என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பசங்க கொஞ்சம் மந்தம் சார் என்றார் டீச்சர். பதினொரு மந்தங்களும் அடக்கமாகத் தலையாட்டின.

டிசம்பரில் ஆசிரியர் அறையில் நூலகர் ஒரு புலம்பல் புலம்பினார். பன்னிரண்டு வருடமாக ஒரு கை படாத பிரெஞ்சு அகராதி இரண்டு மாதமாக அலமாரியில் இல்லையாம். டீச்சர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டிருக்கலாம்.

மறுநாள் விடுப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்கப் போனவர் வழக்கம்போல அந்த லேமினேட் தாளைப் பார்க்காமல் பார்த்தார். அதன் அடியில் சிவப்பு மார்க்கரில், குண்டு குண்டான கையெழுத்தில், பிரெஞ்சில் இரண்டு வரி புதிதாக இருந்தது.

“கிடைத்துவிட்டார். பிரெஞ்சு வகுப்பு, முதல் பெஞ்சு. முடி இரண்டு அல்ல, மூன்று.”

தலைமையாசிரியர் நிமிரவேயில்லை. கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, “நாளைக்கு ஏழாம் பாடம் ஆரம்பிச்சிடுங்க டீச்சர்,” என்றார். “நானும் ஒருத்தரைக் காணோம்னு எழுதணும்.”

மூக்கு டீச்சர் கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். வராந்தாவில் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தன் மூக்கை மெதுவாக ஒரு முறை தொட்டு அளந்து பார்த்துக்கொண்டார்.