பீங்கான் ஷெட்டில் காய்ந்த கல்யாணப் பதிவேடுகள்

நான் பார்த்த ஊர்களில் பாதி, கூட்டத்துக்காகப் போன ஊர்கள்தான். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆவண அறை என் பொறுப்பில் இருக்கிறது. நோயாளிகளின் பழைய கோப்புகளைப் பத்திரமாக வைப்பது, கேட்டால் எடுத்துக் கொடுப்பது, கொடுக்கக் கூடாதவர் கேட்டால் கொடுக்காமல் இருப்பது, இதுதான் வேலை. இதே வேலையைப் பள்ளியிலும் பங்குக் கோயிலிலும் ஆலையிலும் செய்கிற சிலர் சேர்ந்து ஒரு சின்ன அமைப்பு வைத்திருக்கிறோம். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை ஏதாவது ஓர் ஊரில் கூடுவோம். ஐப்பசி மழையில் ஒரு சனிக்கிழமை விருத்தாசலத்தில் கூடினோம். அந்தக் கூட்டம் நினைத்தபடி நடக்கவில்லை. நடந்தது என்னவென்று சொல்கிறேன். நம்மைப் போன்றவர்கள் அங்கே கூட்டம் நடத்த நினைத்தால் உதவட்டும் என்று வழியையும் செலவையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கிளம்பும் முன்பே இரண்டு தடைகள். "கூட்டத்துக்கெல்லாம் ஆன் டியூட்டி கிடையாது, வேணும்னா சொந்த லீவுல போங்க" என்றார் எங்கள் நிர்வாக அதிகாரி. லீவு எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது தடை, கூட்டத்தை ஏற்பாடு செய்த ஆரோக்கியமேரியிடமிருந்து வந்த செய்தி. விருத்தாசலத்தில் ஒரு பங்குக் கோயிலின் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர். நான்கு வருஷமாக எங்கள் அமைப்பின் செயலாளரும் அவரே. "ஆளே வர்றதில்ல கலா. இந்தக் கூட்டத்தோட முடிச்சுக்கலாம்னு இருக்கேன்" என்று எழுதியிருந்தார். அதை நடக்க விடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் ரயில் ஏறினேன்.

திருச்சியிலிருந்து விருத்தாசலம் சந்திப்புக்கு விரைவு ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். முன்பதிவில்லாப் பெட்டியில் அறுபத்தைந்து ரூபாய். அரியலூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. சந்திப்பு ஊருக்குச் சற்று வெளியே இருக்கிறது. பேருந்து நிலையத்துக்கு ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் வாங்கினார்கள். மழை என்றால் முப்பது கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள்.

"எந்தக் கல்யாணத்துக்குங்க?" என்றார் ஆட்டோக்காரர். கையில் பை, பட்டுப் புடவை இல்லை, ஆனாலும் சனிக்கிழமை என்பதால் கேட்டிருக்கிறார்.

"கல்யாணம் இல்லீங்க, மீட்டிங்கு."

"எந்தக் கட்சி?"

பழைய காகிதங்களைப் பாதுகாக்கிறவர்களின் கூட்டம் என்று விளக்கினேன். கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "அதுக்கு ஒரு மீட்டிங்கா!" என்றார்.

கோயில் வளாகத்துச் சிறு கூடத்தில் நாற்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் பதினொரு பேர். மதியத்துக்கு முந்தைய நேரம் முழுவதும் கோப்புகளைக் கணினியில் ஏற்றுவது பற்றிய ஓர் உரை. பேசியவர் திட்டக்குடியில் ஒரு பள்ளியின் ஆவணங்களைப் பார்க்கும் சிவநேசன். சுறுசுறுப்பானவர், நன்றாகவே பேசினார். இடையில் டீ வந்தது. வந்தவர்களுக்கு நினைவுப் பரிசாகத் தர ஆரோக்கியமேரி பீங்கான் குவளைகளுக்குச் சொல்லியிருந்தார். அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தோணி என்பவர் உள்ளே வந்தார். ஊருக்கு வெளியே செராமிக் தொழிற்பேட்டையில் சொந்தமாக ஒரு ஷெட் வைத்திருக்கிறார். அவர் பின்னாலேயே, நனைந்த குடையைப் பிடித்தபடி தொப்பி அணிந்த ஒருவர் தயங்கித் தயங்கி வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

உரை முடிந்து, கேள்வி உண்டா என்று கேட்டபோது அவர்தான் எழுந்தார்.

"என் பேரு ஹாஜா மைதீன். மங்கலம்பேட்டைப் பக்கம், எங்க ஜமாத்துல கணக்கு வழக்கு, பதிவு எல்லாம் பாக்குறேன். அந்தம்மா இந்தக் கூட்டத்துக்கு வரச் சொல்லி போன்ல கூப்ட்டாங்க, அதான் வந்தேன்." ஆரோக்கியமேரியைக் காட்டினார். "எங்க ஆபீஸுக்குள்ள வெள்ளம் பூந்துடுச்சு. பீரோ கீழ்த்தட்டுல இருந்த தப்தரு எல்லாம் ஊறிப்போச்சு. நனைஞ்ச புக்க காய வெக்கிறதுக்கு எதனா வழி இருக்குதாங்களா?"

தப்தர் என்பது ஜமாத்தின் திருமணப் பதிவேடு. அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் வேலை செய்கிறார். மனைவியை அழைத்துக்கொள்ள விசா கேட்டால் கல்யாணச் சான்றிதழ் வேண்டும். ஜமாத் சான்றிதழ் தர வேண்டுமென்றால் தப்தரில் அந்தப் பக்கம் இருக்க வேண்டும்.

"எப்ப நனைஞ்சுது பாய்?" என்று கேட்டேன்.

"வியாழக்கெழம ராத்திரி பேஞ்ச மழைங்க. வெயிலு வந்தா மாடியில விரிக்கலாம்னு இருந்தேன். எங்க வருது?"

ஈரத் தாளில் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும். அன்று சனிக்கிழமை. சிவநேசன் உடனே, "எல்லாப் பக்கத்தையும் போன்ல படம் எடுத்துடலாம் பாய், நானே வரேன்" என்றார். ஊறிய தாளைப் பிரித்தால் பக்கம் பக்கமாகக் கிழியும், வெயிலில் போட்டாலும் சுருண்டுபோகும் என்றேன். எங்கள் மருத்துவமனையில் குழாய் உடைந்தபோது பட்டு அறிந்தது அது. நிழல் வேண்டும், காற்று வேண்டும், உள்ளே வைக்க மை படாத வெள்ளைத் தாள் வேண்டும், புத்தகங்களைப் பிரித்து நிற்க வைக்க நிறைய இடமும் வேண்டும்.

குவளைகளை எடுத்து மேசையில் அடுக்கிக்கொண்டிருந்த அந்தோணி திரும்பினார். "எங்க ஷெட்டுக்குக் கொண்டாங்க. பச்ச மண்ணு சாமானையே நாங்க வெயில்ல வெக்க மாட்டோம், விரிசல் வுட்டுடும். நெழல்லதான் ரேக்குல அடுக்கி ஃபேன் போடுவோம்."

"ரேக்கு காலியா இருக்குதா?" என்றார் ஆரோக்கியமேரி.

"கார்த்திகைக்கு அகல் வெளக்கு ஆர்டரு ஓடுது. ஒரு பக்கம் காலி பண்ணித் தரேன். லேட்டானா நான் பேசிக்கறேன்."

மதிய நிகழ்ச்சி நிரலில் இன்னும் இரண்டு உரைகள் இருந்தன. நான் எழுந்து, உரைகளைத் தள்ளி வைத்துவிட்டு மங்கலம்பேட்டைக்குப் போகலாம் என்றேன். ஒருவர், நான்கு மணி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்றார். இன்னொருவர், இதெல்லாம் நம் அமைப்பின் வேலையா என்று கேட்டார். "பின்ன நாம எதுக்குக் கூடறோம்?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. கடைசியில் ஆறு பேர் வந்தோம்.

விருத்தாசலத்திலிருந்து மங்கலம்பேட்டைக்கு உளுந்தூர்பேட்டை சாலையில் பதினைந்து கிலோமீட்டர் போல. பேருந்து அடிக்கடி உண்டு. நாங்கள் அந்தோணியின் குட்டி யானை வண்டியில் போனோம். நானும் ஆரோக்கியமேரியும் முன்னால், மற்றவர்கள் பின்னால் தார்ப்பாயின் கீழ். ஹாஜா பாய் தன் டிவிஎஸ்ஸில் முன்னே வழிகாட்டிப் போனார்.

ஜமாத் அலுவலகத்தில் ஈர வாடை. பதினொரு தப்தர்கள் ஒரு பிளாஸ்டிக் பாய்மேல் கிடந்தன. தூக்கியதும் தண்ணீர் சொட்டியது. அங்கேதான் சிக்கல் வந்தது. வண்டியில் ஏற்றப் போனபோது ஹாஜா பாய் கதவருகே நின்றுகொண்டார்.

"தப்தர வெளிய அனுப்புற வழக்கம் இல்லீங்க. மன்னிச்சுக்கோங்க. இதுல தலாக் ஆனது இருக்குது, ரெண்டாங் கல்யாணம் இருக்குது. ஊரோட மானம் இதுல இருக்குது."

சிவநேசனுக்குப் பொறுமை போய்விட்டது. "அப்ப பூஞ்சை புடிக்கட்டும்னு வுட்டுடலாமா பாய்?"

எனக்கு ஹாஜா பாய்மீது கோபம் வரவில்லை. கோப்பை வெளியே விடாமல் வாசலில் நானும் பலமுறை அப்படி நின்றிருக்கிறேன். "நீங்களும் கூடவே வாங்க பாய். உங்க கையாலதான் தொறக்கணும், வேற யாரும் படிக்க மாட்டோம். போட்டோவும் எடுக்க மாட்டோம். எத்தனை புத்தகம் வாங்கினோம்னு இங்கயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரோம்" என்றேன். சிவநேசன் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஹாஜா பாய் வெளியே போய் முத்தவல்லியிடம், அதாவது ஜமாத்தின் தலைவரிடம், போனில் பேசினார். வெகு நேரம் பேசினார். திரும்பி வந்து முதல் தப்தரைத் தானே தூக்கினார். "வண்டிய கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லுங்க" என்றார்.

அந்தோணியின் ஷெட் நீளமானது. ஒரு கோடியில் சூளை, மறு கோடியில் மர ரேக்குகள். சூளையின் சூடு எட்டாத கோடியில் அவர் மனைவியும் வேலையாட்களும் அகல் விளக்குகளை ஒவ்வொன்றாக இறக்கி இடம் செய்துகொண்டிருந்தார்கள். ஆரோக்கியமேரி ஓர் அச்சகத்திலிருந்து அச்சாகாத வெள்ளைத் தாள் கட்டுகளை வாங்கி வந்தார். தப்தர்களை ஹாஜா பாய் விசிறிபோல் விரித்து நிற்க வைக்க, பக்கம் தானாகவே பிரிகிற இடத்தில் மட்டும் வெள்ளைத் தாளைச் செருகினோம். அது ஊறியதும் உருவிவிட்டு வேறு தாள். இப்படியே பொழுது சாய்ந்தது. என் திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எழுநூறு ரூபாய் லாட்ஜில் அறை எடுத்தேன். ஹாஜா பாய் ஷெட்டிலேயே தங்கிக்கொண்டார்.

ஞாயிறு காலை நான் போனபோது ஷெட் வாசலில் ஓர் இளம் பெண் அவரிடம் பேசிக்கொண்டிருந்தாள். பெயர் பர்வீன். புருஷன் சவூதியில், தம்மாமில் இருக்கிறான். விசாவுக்குக் காகிதங்கள் கொடுக்க வேண்டும், சான்றிதழ் கேட்டு ஜமாத்துக்குப் போனவளை இங்கே அனுப்பியிருக்கிறார்கள்.

"மாமா, எங்க பக்கம் இருக்குதா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

"இப்ப தொறந்தா கிழிஞ்சுடும்மா. சாயந்திரம் வரைக்கும் பொறு."

"வூட்டுக்குப் போனா அவங்கம்மா கேப்பாங்க. நான் இங்கயே இருக்கேன்."

அவளும் எங்களோடு ஈரத் தாள் உருவினாள். மதியம் அந்தோணி வீட்டிலிருந்து எல்லோருக்கும் தயிர்ச் சோறு வந்தது. மூன்று மணிவாக்கில் அவளுடைய தப்தரின் பக்கங்கள் தாமாகவே விலகின. ஹாஜா பாய் 'பிஸ்மில்லாஹ்' சொல்லி, ஒரு மெல்லிய மூங்கில் சிம்பை உள்ளே விட்டுப் பக்கத்தைத் திருப்பினார். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மஹர் தொகை, தேதி, எல்லாம் பால்பாயின்ட் பேனாவில் எழுதியது, அப்படியே இருந்தது. சாட்சிகளில் ஒருவர் மைப்பேனாவில் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த இடத்தில் நீலக் கறை மட்டும்.

பர்வீன் குனிந்து அந்தக் கறையைப் பார்த்தாள். "அவரு எங்க பெரியப்பாதான். ஊர்லதான் இருக்குறாரு. கூட்டியாந்து திரும்பக் கையெழுத்துப் போடச் சொல்லட்டுமா?"

"அந்த எடத்துலயே போட்டுட்டா யாருக்குத் தெரியும்?" என்றார் அந்தோணி, நல்ல மனதோடுதான்.

ஹாஜா பாய் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்து மறுத்தேன். அழிந்ததன் மேல் எழுதினால் ஒரு பக்கம் காப்பாற்றப்பட்டதாகத் தோன்றும், ஆனால் தப்தர் முழுவதையும் நாளை ஒருவர் சந்தேகிக்கலாம். அதைச் சொல்லிவிட்டு வேறொரு வழி சொன்னேன். தனித் தாளில், எந்த மழையில் நனைந்தது, எது படிக்க முடிகிறது, எது அழிந்திருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி எழுதுவது; பெரியப்பா அதில் தன் கையெழுத்தைப் பற்றிச் சொல்லி இன்றைய தேதியில் கையெழுத்திடுவது; ஜமாத் முத்திரை வைப்பது; அதைத் தப்தரோடு சேர்த்தே பாதுகாப்பது.

"அழிஞ்சது அழிஞ்சதாவே இருக்கட்டும்" என்றார் ஹாஜா பாய். "எழுதுங்க மேடம்."

வாசகத்தை நான் சொல்ல, சிவநேசன் எழுதினார். அவர் கையெழுத்து அச்சடித்தது போலிருந்தது. முத்தவல்லி பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகுதான் சான்றிதழ் என்று ஹாஜா பாய் பர்வீனிடம் கறாராகச் சொல்லி அனுப்பினார்.

பதினொன்றில் பத்து தேறின. மிகப் பழைய ஒன்று முழுவதும் மைப்பேனா. பாதிப் பக்கங்கள் வெறும் நீலம். அதையும் தூக்கிப் போடாமல் காய வைத்து, துணியில் சுற்றி ஹாஜா பாயிடம் கொடுத்தோம்.

சந்திப்பில் ரயிலுக்குக் காத்திருந்தபோது ஆரோக்கியமேரியிடம், இப்போதாவது முடித்துக்கொள்ளும் எண்ணத்தை விட்டாரா என்று கேட்டேன். "இல்ல. என்னால இதுக்கு மேல முடியாது, உடம்பு கேக்கல" என்றார். அவர் சொன்னது உண்மை. இரண்டு நாளும் அவர் உட்காரவே இல்லை. "அப்ப என்கிட்ட குடுங்க" என்றேன். செயலாளர் வேலை இப்போது என்னுடையது. நிர்வாக அதிகாரிக்கு இன்னும் சொல்லவில்லை.

கூட்டம் என்றால் மேடை, உரை, நினைவுப் பரிசு என்றே இத்தனை வருஷம் நடத்தியிருக்கிறோம். வெள்ளைத் தாள் எந்த அச்சகத்தில் கிடைக்கும், யாரிடம் இடம் இருக்கிறது, யாரை எந்த நேரத்திலும் கூப்பிடலாம் என்பது தெரிந்திருப்பதுதான் அமைப்பு என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

விருத்தாசலத்தில் கூட்டம் நடத்த நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். சென்னையிலிருந்து பேருந்தில் வருபவர்கள் வேப்பூரில் இறங்கி ஊருக்கு வேறு பஸ் பிடிக்கலாம். சாப்பாட்டையும் வேப்பூர் ஓட்டல்களிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மழை மாதத்தில் போனால் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு போங்கள். தொழிற்பேட்டை ஷெட்டுகளில் பொம்மை, குவளை எல்லாம் நேரடியாக வாங்கலாம், ஆனால் கார்த்திகைக்கு முன் அவர்கள் வேலையைக் கெடுக்காதீர்கள், நாங்கள் கெடுத்தது போதும். முக்கியமாக, உங்கள் அலுவலக பீரோவின் கீழ்த்தட்டை இன்றே காலி செய்யுங்கள். நனைந்துவிட்டால் பிரிக்காதீர்கள், வெயிலில் போடாதீர்கள், சூடு காட்டாதீர்கள். தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது ஹாஜா பாய் கூப்பிட்டார். முத்தவல்லி ஒப்புக்கொண்டுவிட்டாராம், பெரியப்பா வந்து கையெழுத்துப் போட்டாராம், சான்றிதழ் கொடுத்தாகிவிட்டதாம்.

"பொண்ணு என்ன சொன்னா?" என்றேன்.

"என்னத்த சொல்றது மேடம், நின்னு அழுவுது. பேப்பரு மேல வுழுந்துடப் போவுதுன்னு நான்தான் கொஞ்சம் தள்ளி நின்னு அழும்மான்னு சொன்னேன்."