ஏழு பிரதிகள்

யாழ்ப்பாணத்தில் நான் வேலை செய்த பத்திரிகையில், கொலைச் செய்தி எழுதியவரின் பெயரைப் போடமாட்டோம். போட்டால் கொன்றவர்கள் அவரைத் தேடி வருவார்கள்.

மொன்றியலில் மகளோடு ஒரு சுவீடன் படம் பார்த்தேன். கொலையொன்றைத் துப்புத் துலக்கும் பெண் நிருபர், தன் பெயரும் முகமும் தெரியச் செய்தி வெளியிட்டாள். கொலைகாரன் வருமுன்பே நான் எழுந்துவிட்டேன்.

"பேரை ஏனடி போட்டனீ?" என்று திரையைப் பார்த்து ஏசினேன்.

"அம்மா, படம்தானே," என்றாள் மகள். அவளும் இங்கே நிருபர்தான்.

மறுநாள் காலை, அவள் எழுதிய கொலைச் செய்தி பத்திரிகையில் அவளுடைய பெயரோடும் முகத்தோடும் வந்திருந்தது. தெருமுனையிலுள்ள தமிழ்க் கடைக்கு ஓடி, அங்கிருந்த ஏழு பிரதிகளையும் வாங்கினேன்.

"மகளின்ர போட்டோ வந்திருக்கு. சொந்தக்காரருக்குக் குடுக்கவோ அக்கா?" என்று கடைக்காரர் சிரித்தார்.

"ஓம்," என்று சொல்லி, அவள் முகம் உள்ளே மறையும்படி மடித்தேன்.