மூன்று தட்டு

இந்தக் காலத்து ஆட்களிடம் எதைச் சொன்னாலும் முதல் கேள்வி, "வீடியோ இருக்கா?" என்பதுதான். கண்ணால் பார்த்தவன் எதிரே நிற்பான். அவன் பேச்சுக்கு மதிப்பு கிடையாது, செல்போன் சொன்னால்தான் நம்புவார்கள். என்னிடம் வீடியோ இல்லை. அப்போது என் இரண்டு கையிலும் வேலை இருந்தது. நான் ஐந்தாவது வரை படித்தவன், கதை கட்டத் தெரியாது. பேய் பிசாசு என்று பேச வருகிறவனை வாசலோடு அனுப்புகிற ஆள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அதுவும் ராத்திரி இல்லை. பட்டப்பகல்.

பழைய விமானங்களுக்கு ரிவெட் அடிப்பது என் தொழில். தகட்டோடு தகட்டைச் சேர்க்கிற சின்ன அலுமினிய ஆணிதான் ரிவெட். என்ன வகை என்பது அதன் தலையில் இருக்கும். நடுவில் ஒரு குழி இருந்தால் எடுத்ததும் அடிக்கலாம். இரண்டு சின்னக் கோடு துருத்திக்கொண்டிருந்தால் அது முரட்டு வகை. உலையில் காய்ச்சி, தண்ணீரில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். வெளியே எடுத்தால் பத்து நிமிடம்தான் பொறுக்கும். அதற்குமேல் தானாக இறுகிவிடும். அப்புறம் அடித்தால் உள்பக்கத்து நுனி மயிரிழையாக வெடிக்கும். தரையில் ஒன்றும் தெரியாது. வானத்தில்தான் தெரியும்.

இது இரண்டு பேர் வேலை. வெளியே ஒருவன் காற்றில் ஓடும் சுத்தியலால் அடிப்பான். உள்ளே ஒருவன் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுப்பான். அந்தச் சத்தத்தில் பேச்சு கேட்காது. அதனால் உள்ளே இருப்பவன் தகட்டில் தட்டுவான். ஒன்று தட்டினால், இன்னும் அடி. இரண்டு, சரி. மூன்று தட்டினால் கெட்டுப்போச்சு, எடுத்துப் போடு.

அன்று வியாழக்கிழமை. ஒரு டாக்டரம்மா வாங்கிய பழைய விமானம். ஞாயிறு அவரே ஓட்டப் போகிறார். வால் பகுதியில் நானும் தவளையும் வேலை செய்துகொண்டிருந்தோம். எந்தப் பொந்திலும் மடங்கி உட்காருவான் என்பதால் அவனுக்கு அந்தப் பேர். வயது ஐம்பதுக்கு மேல்.

மூன்று ஐந்துக்கு ஐஸிலிருந்து பதினாலு ரிவெட் வந்தது. எல்லாம் இரட்டைக் கோடு. இரண்டு அடித்தேன். காற்றுக் குழாய் கழன்றுகொண்டது. உஸ்ஸென்ற இரைச்சலில் தவளை என்னவோ சொன்னான். தலையாட்டி வைத்தேன். குழாயை மாட்டி முடிக்கும்போது மணி மூன்று இருபத்துநாலு.

பத்து நிமிடம் எப்போதோ போய்விட்டது. எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அடுத்த ரிவெட்டைத் துளையில் வைத்தேன். ஐஸ் பெட்டி கொட்டகையின் அந்தக் கோடியில் இருக்கிறது. யார் போவது? யார் பார்க்கப் போகிறார்கள்?

உள்ளே இரும்பு வந்து உட்கார்ந்தது. கைக்குத் தெரியும் அது. அடித்தேன்.

டக் டக்... டக்.

மூன்று. காதில் விழாத மாதிரி அடுத்ததை வைத்தேன். அடித்தேன்.

டக் டக்... டக்.

அப்போதுதான் கவனித்தேன். தவளை உள்ளே இருந்தால் எதையாவது முனகிக்கொண்டே இருப்பான். முனகல் இல்லை. அவன் எடுத்துப்போகிற விளக்கு என் காலடியில் அணைந்து கிடந்தது.

அதோடு தவளை மூன்றையும் ஒரே மூச்சில் தட்டுகிறவன். இரண்டு வேகமாக, கொஞ்சம் விட்டு, ஒன்று மெதுவாக... இப்படித் தட்டுகிற ஒரே ஒருவனைத்தான் எனக்குத் தெரியும்.

என் தங்கை புருஷன். முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவன்தான் எனக்கு உள்ளே முட்டுக் கொடுக்கிற ஆள். அன்றும் இதே மாதிரி நேரம் கடந்த ரிவெட். அன்றும் மூன்று தட்டினான். நான் அடித்துக்கொண்டே போனேன். வெளியே வந்து கேட்டான்.

"மச்சான், மூணு தட்டுனேனே. கேக்கலையா?"

"கேக்கல மாப்ளே," என்றேன். கேட்டது.

ரிவெட் அடித்த இருவரில் ஒருவர் சோதனை ஓட்டத்தில் கூடப் போக வேண்டும். அது அந்தக் காலத்துப் பட்டறைச் சட்டம். அந்தத் தடவை என் முறை. வயிற்றுவலி என்று சொல்லி அவனை ஏற்றிவிட்டேன். விமானம் விழுந்தது. விசாரணையில் எஞ்சின் கோளாறு என்று எழுதினார்கள். நான் வாயே திறக்கவில்லை. தங்கைக்கு அப்போது இருபத்துநாலு வயது.

மணி மூன்று இருபத்தெட்டு. "தவளை..." என்று கூப்பிட்டேன்.



கை தானாக மூன்றாவதை வைத்தது. அடித்தது. நாலாவதும்.

டக் டக்... டக்.

ஐந்தாவது ரிவெட் என் விரலிடுக்கில்தான் இருந்தது. துளையில் வைக்கவே இல்லை.

டக் டக்...

டக்.

தகட்டில் ஊன்றியிருந்த என் இடது கைக்கு நேர் கீழே.

"அண்ணே, உள்ள யாரு?"

பின்னால் தவளை நிற்கிறான். கையில் ஐஸ் பிளாஸ்க்.

மூன்று பதினைந்துக்கே வேறு ரிவெட் எடுக்கப் போய்விட்டானாம். சொல்லிவிட்டுத்தான் போனேன் என்றான். அவன் இரும்புக் கட்டை, வைத்துவிட்டுப் போன இடத்திலேயே, வாலுக்குள் நுழைகிற ஓட்டை விளிம்பில் இருந்தது.

விளக்கைப் போட்டு உள்ளே பார்த்தோம். ஆள் இல்லை. நேரம் கடந்த நாலு ரிவெட்டின் நுனியும் அப்பளமாகத் தட்டையாகியிருந்தது. நாலிலும் வெடிப்பு. உள்ளே முட்டுக் கொடுக்காமல் நுனி தட்டையாகாது. இது எங்கள் தொழிலில் எவனுக்கும் தெரியும்.

தவளை உட்கார்ந்துவிட்டான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"செவ்வாக்கெழம அடிச்சதுலயும் வெடிப்பு இருந்துச்சுண்ணே. நீங்க திட்டுவீங்கன்னு ரெண்டே தட்டிட்டேன்."

வெள்ளிக்கிழமை காலை டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டல் சத்தத்தைச் சொல்லவில்லை, என் தப்பை மட்டும். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஞாயித்துக்கெழம எங்கப்பாவ ஏத்திட்டுப் போறதா இருந்தேன்," என்றார். அவ்வளவுதான்.

அதற்குக் கத்தியிருந்தாலே தேவலை. மத்தியானம் தங்கைக்குப் போன் போட்டேன். முப்பத்தாறு வருஷமாக அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன். அன்று மூன்று தட்டு எனக்குக் கேட்டது என்று சொன்னேன். என் முறையில்தான் அவன் போனான் என்றும் சொன்னேன்.

"தெரியும்ணா."

எத்தனை வருஷமாக என்று கேட்டேன்.

"வருஷமெல்லாம் இல்ல. நேத்து மூணரை மணியிலேர்ந்து."

யார் சொன்னது என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

தவளை சொல்லியிருப்பான் என்றுதான் நான் நினைக்கிறேன். தங்கை நம்பர் அவனுக்குத் தெரியாது. இந்த விஷயமும் அவனுக்குத் தெரியாது. இருந்தாலும் மனுஷன் சொல்லாமல் சேதி எப்படிப் போகும்?

சனிக்கிழமை, வெடித்தது அத்தனையும் துளைத்து எடுத்தேன். தவளை வெளியிலிருந்தே விளக்குப் பிடித்தான். சுத்தியலை மேஜையில் வைத்துவிட்டு, பேயும் இல்லை ஒரு மண்ணும் இல்லை என்று அவனிடம் சொல்லிவிட்டு நடந்தேன். வாசலுக்குக் குறுக்கு வழி அந்த வாலை ஒட்டித்தான். நான் சுற்றிக்கொண்டு போனேன். வால் பக்கம் தரையில் எண்ணெய் கொட்டியிருந்தது, அதனால்தான்.