மாநிலம் என்ற கட்டம்

மகள் மாமியார் வீட்டிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். அந்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் முழுதாக மீளவில்லை. மாதக்கணக்கில் அவள் அறையைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. பிறகு தானாகவே தையல் மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டாள். பருத்தித் துணியில் நைட்டி தைத்தாள். தெருவில் வாங்கினார்கள். ஒருத்தி சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனாருக்கு அனுப்ப, அங்கிருந்தும் கேட்டார்கள். இணையத்தில் ஒரு கடை போட வேண்டும் என்றாள் மகள். திரும்பி வந்த பிறகு அவள் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான்.

கடைப் பக்கத்தை அவள் தோழி செய்து கொடுத்தாள். வாங்குகிறவர்கள் கார்டிலும் போனிலும் கட்டும் பணத்தை நம் கணக்கில் சேர்க்கும் நிறுவனம் ஒன்று வேண்டும், அதை மட்டும் நீங்க பாருங்கப்பா என்றாள் மகள். அலுவலகத்தில் காகிதங்களோடு காலம் தள்ளியவன் நான். கமிஷன் குறைவாக இருந்த நிறுவனத்தைப் பிடித்தேன்.

விண்ணப்பத்தில் பின்கோடு போட்டதும் மாநிலம் என்ற கட்டத்தில் தமிழ்நாடு என்று தானாக வந்து உட்கார்ந்தது. மாற்றிப் பார்த்தேன், மாறவில்லை. வடக்கே பூவத்தைத் தாண்டினால் தமிழ்நாடு, தெற்கே கீழவாஞ்சூரைத் தாண்டினாலும் தமிழ்நாடு, நடுவில் எங்கள் காரைக்கால் மட்டும் புதுச்சேரி. விலை குறைவென்று இங்கே பெட்ரோல் போட வருகிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. அவளுடைய சான்றிதழ்களில் எல்லாம் புதுச்சேரி. முகவரி பொருந்தவில்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று பதில் வந்தது.

நிராகரிப்பு என்ற சொல்லை அவளிடம் எப்படிக் கொண்டுபோவது? மறுபடி அந்த அறைக்குள் போய்விடுவாளோ என்று பயந்தேன். ஏதேதோ சொல்லித் தள்ளிப்போட்டேன்.

"எத்தன நாளைக்குங்க மூடி மூடி வைப்பீங்க? அவ என்ன கண்ணாடியா?" என்றாள் மனைவி.

சாப்பிடும்போது சொன்னேன். மகள் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏம்ப்பா, நம்மளக் கேக்காமலே வேற மாநிலத்துல கட்டிக்குடுத்துட்டாங்களா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

கை கழுவியதும் போனை எடுத்து அந்த நிறுவனத்தை அழைத்தாள். வெளியாட்களிடம் பேசுவதையே விட்டிருந்தவள். நான் வாசற்படியில் பேப்பரைப் பிரித்துக்கொண்டு காதை உள்ளே வைத்திருந்தேன். ஸ்பீக்கரில் ஒரு பையன் பேசினான்.

"மேடம், நாகப்பட்டினம் பக்கத்துலதானே இருக்கீங்க? தமிழ்நாடுன்னே ஒரு அட்ரஸ் ப்ரூஃப் குடுத்துடுங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

"அட்ஜஸ்ட்டா?" அவள் குரல் உயர்ந்தது. "இல்லாத ஊருல இருக்கேன்னு சொல்லிட்டுத்தான் நான் கடை தொறக்கணுமா? நெறைய அட்ஜஸ்ட் பண்ணிப் பாத்தாச்சு சார். போதும்."

அந்தச் சொல்லை அவளிடம் இதற்குமுன் யார் யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் மகள் சண்டை போடுகிறாள். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று.

உடனே வேறொரு நிறுவனத்தை அழைத்தாள். அங்கே எடுத்தது ஒரு பெண்.

"காரைக்காலா? அது புதுச்சேரில வரும்ல. எங்க சிஸ்டம் தப்பா காட்டும்ங்க. நீங்க சர்டிபிகேட்ட அனுப்புங்க, நான் கையால மாத்தச் சொல்றேன்."

"இவங்கதாம்ப்பா" என்றாள் மகள்.

"கமிஷன் கொஞ்சம் கூடம்மா" என்று இழுத்தேன்.

"இருக்கட்டும். இருக்கிறதச் சொன்னா இருக்கிறதா எடுத்துக்கிறாங்க. அதுக்குக் குடுக்கலாம்."

இந்த முறை விண்ணப்பத்தை அவளே நிரப்பினாள். நான் பின்னால் நின்று எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன். சரிபார்க்கச் சில நாள் ஆகும் என்று திரையில் வந்தது. அந்தச் சில நாளும் வேண்டாத பதில் வந்துவிடுமோ என்று நான் மெயிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். அவள் கூடத்தில் துணியை விரித்துப் போட்டு அடுத்த நைட்டிக்கு வெட்டிக்கொண்டிருந்தாள்.