கைப்பையில் ஒரு மெழுகுத் துண்டு

2007ஆம் ஆண்டு. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைமடுவத்தில், கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய். கண்டியில் ஒபரேஷன் செய்து கட்டியை எடுத்திருந்தார்கள். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் எல்லோரிடமும் 'குடல்புண்' என்றே சொல்லி வைத்தேன். இவருடைய தங்கைக்குக்கூடத் தெரியாது. உண்மையைச் சொன்னால் எங்கள் வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கமாட்டார்கள் என்று பயம்.

கட்டியில் சில புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்த்தால்தான் நோய் திரும்புமா, இனி மருந்து ஏற்ற வேண்டுமா என்று ஓரளவு தெரியுமாம். அந்தப் பரிசோதனை கொழும்பில்தான். கட்டியின் துணுக்கை மெழுகில் பதித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

"பாத்து கொண்டு போ புள்ள, ரயில்ல என்னைய தவற விட்டுறாத" என்று இவர் சிரிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொழும்பு கோட்டை ரயில் நிலையத்துக்கு வெளியே சோதனைச் சாவடி. யுத்த காலம். என் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்த பெண் பொலிஸ் கைப்பையைக் கொட்டச் சொன்னார். மெழுகுத் துண்டைத் தூக்கிப் பிடித்து, இது என்ன என்று சிங்களத்தில் அதட்டினார். அதைப் பறித்து வைத்துக்கொண்டால் என் மனுஷன் கதி?

"மகே மஹத்தயாட கேன்சர்!" என்று கத்தியேவிட்டேன். என் புருஷனுக்குக் கேன்சர். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அவர் முகம் மாறிவிட்டது. "மகே அம்மாடத்" என்றார் மெதுவாக. அவர் அம்மாவுக்கும் அதேதானாம். தன் கைக்குட்டையில் துண்டைச் சுற்றித் தந்து, ஓட்டோ பிடித்து, டிரைவருக்கு வழியும் சொல்லி ஏற்றிவிட்டார்.

முடிவு வந்தது. ஒரு புரதம் இல்லையாம். "அப்ப இனி ஒண்ணும் செய்ய முடியாதா?" என்று கேட்டேன். கண்டியில் இவரைப் பார்த்துவந்த யாழ்ப்பாணத்து டொக்டர் சிரித்தார்.

"பயப்பிடாதேங்கோ அம்மா, இது நல்ல சேதி."

மரபணுவில் விழும் பிழைகளைத் திருத்துகிற புரதமாம் அது. அது இல்லாத கட்டிக்குள் பிழைகள் பெருகிக்கொண்டே போனாலும், உடம்பே அதை இனங்கண்டு எதிர்ப்பதால் அவ்வளவு சுலபத்தில் வேறிடத்துக்குப் பரவாதாம். மருந்து ஏற்றத் தேவையில்லை என்றார். "ஆனா இது குடும்பத்திலயும் வரலாம். கூடப் பிறந்த ஆக்களைக் கட்டாயம் சோதிக்க வேணும்."

ஊர் திரும்பியதும் நேரே நாத்தனார் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "இத ஏன் அண்ணி மறைச்சீங்க?" என்று என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள். பிறகு பரிசோதனைக்குப் போனாள். அவள் குடலிலும் ஒரு சின்ன வளர்ச்சி இருந்தது. புற்றாக மாறுவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

இவர் இன்றும் குழம்பில் உப்பில்லை என்று சண்டை பிடிக்கிறார். அந்தப் பெண் பொலிஸின் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் அன்று அவரிடம் வாய் திறந்திராவிட்டால் நாத்தனாரிடமும் திறந்திருக்க மாட்டேன் என்று, அவள் தன் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.